வியாழக்கிழமைப் பங்கு

சகிதாத்தைக் காபூலின் பர்ச்சிப் பகுதியில் பாதிப் பேர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'ஐம்பத்தெட்டு' என்றால் போதும், காய்கறிக்காரன்கூட வழிகாட்டிவிடுவான். டேக்வாண்டோவில் ஐம்பத்தெட்டு கிலோ பிரிவில் பன்னிரண்டு வருஷமாக அவன்தான் நாட்டின் சாம்பியன். அவனுடைய வலது காலைப் பற்றி மேற்குக் காபூல் முழுக்கக் கதைகள் உண்டு. ஒரு தடவை அவன் உதைத்த உதையில் எதிராளியின் தலைக்கவசம் கழன்று, ஜன்னல் வழியாகப் பறந்து, அடுத்த தெருவில் பொலானி ரொட்டி பொரிக்கிறவனின் எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததாம். சட்டியில் விழவில்லை, சட்டிக்குப் பக்கத்தில்தான் விழுந்தது என்று மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பறக்கவே இல்லை என்று சொன்னவர் இதுவரை ஒருவரும் இல்லை.

இரண்டு ஆசிய வெண்கலப் பதக்கங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின. அவை சோறு போடாது என்பதால் பகலில் மச்சானுடைய கடையில் ஜன்னல் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் வேலை. காபூலில் இந்தத் தொழிலுக்கு ஓய்வே கிடையாது. எங்கேயாவது குண்டு வெடித்தால் சாயங்காலத்துக்குள் நூறு ஜன்னலுக்கு ஆள் கேட்டு வந்துவிடுவார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் அளவு நாடாவைத் தேடுகிற சாம்பியன் உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இருக்க முடியாது.

அந்த வசந்தத்தில் அவனுக்கு முப்பத்தொரு வயது. அம்மான் நகரத்தில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஓர் ஆள்தான். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்கு ஒலிம்பிக்குக்கு வழி திறக்கும். அடுத்த ஒலிம்பிக் வரும்போது முப்பத்தைந்து ஆகிவிடும். அந்த வயதில் தலை உயரத்துக்குக் கால் தூக்கினால் கால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே இதுதான் கடைசி. போட்டிக்கு முந்தின நாள் தராசில் ஏறும்போது எடை ஐம்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓர் உதைகூட உதைக்காமல் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அன்று காலை அவனுடைய எடை அறுபத்தொன்றரை.

பர்ச்சியின் பெரிய சாலையில், ரவுண்டானாவிலிருந்து எரிந்த பாலம் வரைக்கும், குளியலறைத் தராசைத் தரையில் வைத்துக்கொண்டு எடை பார்த்துப் பிழைப்பவர்கள் பதினோரு பேர். பதினோரு தராசும் பதினோரு எடை காட்டும். ஐந்தாவது தராசில் ஏறினால் ஆள் பாதியாகிவிடுவார்; கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். பள்ளிவாசல் முனையில் உட்கார்ந்திருக்கும் ஒற்றைக்கால் ஹாஷிமின் தராசு மட்டும் பொய் சொல்லாது. முன்னாள் சிப்பாய். அவரை எல்லோரும் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அறுபத்தொண்ணரை," என்றார் ஹாஷிம். "நேத்தைக்கு மேல முந்நூறு கிராம் ஏத்தம். என்னத்த முழுங்கின, கம்பளமா?"

"வெறும் தண்ணிதான், காகா."

"அப்படின்னா அந்தக் கெணத்த எனக்கும் காட்டு. நானும் ரெண்டு வாய் குடிச்சுத் தேறிக்கறேன்."

"மூணரை கிலோ எறக்கணும், காகா. ரெண்டே வாரம்."

"எனக்கு ஒரே நாள்ல பத்து கிலோ எறங்குச்சு." இல்லாத காலின் பக்கம் தாடையால் காட்டினார். "அந்த வழிய மட்டும் உனக்குச் சொல்ல மாட்டேன். போ, ஓடு."

சகிதாத் ஓடினான். உடம்பு முழுக்க பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அதன் மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கோரிக் மலையில் ஏறி இறங்கினான். அவன் சிந்திய வேர்வையில் அந்த வருஷம் மலையடிவாரத்தில் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது என்பார்கள். பின்னால் பயிற்சியாளர் இவாஸ் ஒரு கழுதையின் மேல் உட்கார்ந்து வந்தார். உஸ்தாத் இவாஸ் இளவயதில் ஐம்பத்துநாலு கிலோவில் ஆடியவர். அதற்குச் சான்றாக ஒரு போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோவில் நிற்கும் ஆளைப் போல மூன்று பேரை இன்றைய உஸ்தாதின் சட்டைக்குள் தாராளமாக உட்காரவைக்கலாம்.

உச்சியில் கழுதை நின்றது. கழுதைக்கும் உஸ்தாதுக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து புதன்கிழமை வரைக்கும் என் பேச்சக் கேக்கற," என்றார் உஸ்தாத். "ஒரு கிலோ எறக்கற. வியாழக்கிழமை போய் ஒண்ணரை கிலோ ஏத்திட்டு வந்து நிக்கற."

"அது பராத்தோட பங்கு, உஸ்தாத்."

"தெரியும்டா. பராத் எனக்கும் பிள்ளைதான்." கழுதையின் காதைத் தடவினார். "ஆனா அம்மான்ல இருக்கற தராசுக்கு இதெல்லாம் தெரியாது. செத்தவன் பங்கக் கழிச்சுட்டு மிச்சத்த எழுதிக்கறேன்னு அது சொல்லுமா? இன்னைக்கு வியாழக்கிழமை, அவன் அம்மா காலாகிட்ட வேணாம்னு சொல்லிடு. அம்மான்லேர்ந்து வந்து நீ பானையோட முழுங்கு, நான் கேக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லுவது வாய்க்குச் சுலபம். ஆனால் எந்தச் சட்டியைப் பார்த்துச் சொல்லுவது என்று இருக்கிறதே.

வியாழக்கிழமை சாயங்காலம் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். இது பர்ச்சியில் சந்தேகமில்லாத விஷயம். மின்சாரம் வருமா என்பதில்தான் சந்தேகம். வருகிறவர்களுக்கு வாயில்லை, மூக்கு மட்டும்தான். அதனால் எண்ணெயைக் காய்ச்சி, இனிப்பு மாவைக் கிள்ளிப் போட்டு போசராக் பொரிப்பார்கள். வாசனை இறந்தவருக்கு. பொரித்த போசராக்கை உயிரோடு இருப்பவர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி உண்ண வேண்டும். உண்ண ஆளில்லாமல் போனால் வந்தவர் பசியோடு திரும்பிப் போவார்.

ஜேவர் காலாவுக்கு ஒரே மகன் பராத்; காலா என்றால் சின்னம்மா. கணவர் எப்போதோ போய்விட்டார். பராத்தின் பங்கை உண்ண வீட்டில் யாருமில்லை. நாற்பதாம் நாள் முடிந்த வாரத்திலிருந்து சகிதாத்தான் உண்டான். இரண்டு வருஷமாக ஒரு வியாழக்கிழமையும் தவறியதில்லை. மற்ற வீடுகளில் போசராக் உள்ளங்கை அளவு இருக்கும். ஜேவர் காலாவின் போசராக் குதிரைச் சேணத்தின் அளவு. வாரத்துக்கு மூன்று. உண்டு முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவன் உடம்புக்குள் போன போசராக் ஒவ்வொன்றும் அங்கே தன் சொந்தபந்தங்களையெல்லாம் வரவழைத்துக் குடிவைத்துக்கொண்டது.

பராத்தும் ஐம்பத்தெட்டு கிலோ பிரிவுதான். சகிதாத் முதலிடம் என்றால் பராத் இரண்டாமிடம்; பதினோரு தேர்வுப் போட்டிகளில் பதினோரு தடவை. பராத் எவ்வளவு உண்டாலும் ஐம்பத்தேழைத் தாண்ட மாட்டான். சகிதாத்துக்கோ காற்றைக் குடித்தாலே எடை ஏறும். "உன் காலும் என் வயிறும் ஒரே ஆளுக்கு இருந்திருந்தா கொரியாக்காரனுங்க கடைய மூடியிருப்பாங்க," என்பான் பராத். இருவரும் முறைபோட்டு சிதாரா கிளப்பில் நாலு மணிக்குக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் தேர்வுப் போட்டி. சகிதாத்துக்கு முந்நூறு கிராம் அதிகம். அன்று குழந்தைகள் வகுப்பு அவனுடைய முறை. "நீ பாத்துக்கோ, நான் ஹமாம் போய் வேத்துட்டு வரேன்," என்று பராத்திடம் சொன்னான். பராத் தலையாட்டினான். சகிதாத் ஆவிக்குள் உட்கார்ந்திருந்தபோது சுவர் ஒரு தடவை அதிர்ந்தது. யாரோ கதவை வேகமாகச் சாத்திவிட்டார்கள் என்று நினைத்தான்.

சிதாரா கிளப்பில் வெடித்த குண்டில் ஒன்பது பேர். பர்ச்சியில் எல்லாவற்றையும் இரண்டாலும் மூன்றாலும் பெருக்கித்தான் சொல்வார்கள். இந்த எண்ணை யாரும் கூட்டிச் சொன்னதில்லை.

அந்தத் தெருவின் ஜன்னல்களுக்கெல்லாம் சகிதாத் ஒரு வாரம் கூலி வாங்காமல் கண்ணாடி போட்டான். ஜேவர் காலாவின் வீட்டுக்குக் கடைசியாகப் போனான். அன்று வகுப்பு யாருடைய முறை என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. உஸ்தாதிடமும் இல்லை, மனைவி நிக்பக்திடமும் இல்லை.

உஸ்தாத் மலையில் சொன்ன அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவன் காலாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. காலா மாவைத் தட்டிப் போட்டார். அது புரண்டு, உப்பி, சிவந்து வந்தது. வாசனை கூரை வரை ஏறி நின்றது.

"உக்காரு, சகி ஜான். மூஞ்சி ஏன் இப்படி வத்தல் மாதிரி இருக்கு? அந்தக் கழுதக்காரன் உன்னை ஓட ஓட வெரட்டறானா?"

"காலா, இன்னைக்கு..."

"இன்னைக்கு நாலு. மாவு கொஞ்சம் கூடிப்போச்சு."

"காலா, இன்னைக்கு வேணாம். அடுத்த வாரமும் வேணாம். அம்மான் போய்ட்டு வந்து சாப்பிடறேன். மூணரை கிலோ எறக்கணும்."

காலா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தார். "பராத்துக்கு வேணாமா?"

"பராத்துக்கு வேணும். என்னால முடியல."

"எறக்காதே," என்றார் காலா. மிகச் சாதாரணமாகச் சொன்னார். "எதுக்கு எறக்கற? ஏறட்டும். அறுபத்தஞ்சு ஆகட்டும், எழுபது ஆகட்டும். தொந்தி போடட்டும். தொந்தி வெச்சவன யாரும் கிளப்புக்குக் கூப்பிட மாட்டான். கண்ணாடி அறுத்துட்டு, பொண்டாட்டி பிள்ளையோட வீட்ல கெட. நான் ரெண்டு வருஷமா எதுக்கு ஒரு கிலோ மாவக் கூடுதலாப் பெசையறேன்னு நெனச்ச?"

சகிதாத் அவரைப் பார்த்தான்.

"பராத்தும் தின்னான். எவ்வளவு போட்டாலும் ஒடம்புல ஒட்டல. ஒட்டியிருந்தா அன்னைக்கு அங்க இருந்திருக்க மாட்டான். ஒனக்கு ஒட்டுது. ஒன்னையாவது..." மிச்சத்தைச் சொல்லாமல் ஒரு போசராக்கைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினார்.

அப்போது அவன் பேசாமல் அதை எடுத்து உண்டிருக்கலாம். அம்மானையும் விட்டிருக்கலாம். இரண்டு வருஷமாக அவன் உண்டதெல்லாம் இந்த வார்த்தையை விழுங்கத்தான். ஆனால் தன்னைக் காப்பாற்றத்தான் இவர் மாவு பிசைந்தார் என்று கேட்டபிறகு அது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"காலா, அன்னைக்கு என் முறை."

"என்ன?"

"பிள்ளைங்க வகுப்பு. செவ்வாய்க்கிழம என் முறை. எனக்கு எடை கொறைக்கணும்னு அவனப் போகச் சொன்னேன். முந்நூறு கிராமுக்காக."

சட்டியில் கிடந்த போசராக் கருக ஆரம்பித்தது. காலா அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டி காஸ் அடுப்பின் குமிழைத் திருகினார். தீ அணைந்தது. எண்ணெய் இன்னும் சிறிது நேரம் சலசலத்து, பிறகு அதுவும் அடங்கியது.

"எந்திரிச்சுப் போ, சகிதாத்," என்றார். செல்லமாகச் சேர்க்கும் ஜான் இல்லை.

தட்டில் வைத்த போசராக் அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பராத்தின் பங்கை யாரும் உண்ணவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் சகிதாத் அந்தத் தெருமுனையில் போய் நின்றான். அந்த ஒன்பது பேரின் வீடுகளில் எட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. ஒன்பதாவது வீட்டிலிருந்து வரவில்லை. ஜன்னலில் அவன் போட்ட கண்ணாடிதான் வெயிலில் மின்னியது. இருட்டும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"நான் பொரிக்கறேன். நீங்க பராத் லாலா பேரச் சொல்லிச் சாப்பிடுங்க," என்றாள் நிக்பக்த்.

"அவன் இங்க வர மாட்டான். அவங்க வீட்டுக்குத்தான் வருவான். வந்து நின்னுட்டுப் போயிருப்பான்."

அவன் காலாவிடம் சொன்னதை நிக்பக்திடமும் அன்றைக்குத்தான் சொன்னான். அவள் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கருவை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அது ஆறிப்போகும் வரை.

எடை என்னமோ இறங்கியது. மலையும் வேண்டியிருக்கவில்லை, பிளாஸ்டிக்கும் வேண்டியிருக்கவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் ஹாஷிம் தராசைத் தட்டிப் பார்த்தார். இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். தானே ஊன்றுகோலோடு ஏறிப் பார்த்தார்.

"அம்பத்தேழே கால். தராசு சரியாத்தான் இருக்கு. நீதான் சரியில்ல."

"எறங்கணும்னுதானே காகா ஓடினேன்."

"எறங்கறது வேற, காலியாகறது வேற. ரெண்டையும் பாத்தவன் சொல்றேன்." அன்று காசு வாங்கிக்கொள்ளவில்லை.

புறப்பட்ட நாளில் பர்ச்சியே திரண்டது. வாசலில் குர்ஆனை உயர்த்திப் பிடித்து அதன் அடியில் அவனை மூன்று தடவை நடக்கவைத்தார்கள். போகிறவன் திரும்பி வர வேண்டும் என்று காருக்குப் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அன்று ஆளுக்கொரு வாளி ஊற்றியதில் பின்னால் வந்த மினிபஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு மறுநாள்தான் நகர்ந்தது. சகிதாத் கூட்டத்தில் ஒரு முகத்தை மட்டும் தேடினான். ஜேவர் காலா வரவில்லை.

உஸ்தாத் இவாஸ் மடியில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானத்தில் அதை மேலே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம், "மூத்திரக் கோளாறு, அதுக்கான மருந்து," என்று தாரி மொழியில் சொன்னார். அவளுக்குப் புரியவில்லை என்றாலும் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

அம்மானில் எடை பார்த்தது வியாழக்கிழமை பிற்பகல். ஐம்பத்தேழு கிலோ நூறு. நடுவர் கட்டை விரலை உயர்த்தினார். சகிதாத் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கொரிய வீரன் அவனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனான்.

ஓட்டல் அறையில் உஸ்தாத் கதவைத் தாழிட்டார். டின்னைக் கட்டிலின் மேல் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஜேவர் காலா என் வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. உள்ள வரல. இதக் குடுத்து, எடை பாத்து முடிக்கற வரைக்கும் மூடியத் தெறந்தா என் கை வெளங்காதுன்னு சொன்னாங்க. நானும் தெறக்கல. ரெண்டு நாள், சகி. வாசனை மூடிக்குள்ளேர்ந்து வந்துட்டே இருக்கு. எனக்கு எவ்வளவு கஷ்டம்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

உள்ளே, ஒரு பழைய வெள்ளைச் சீருடைத் துணியில் சுற்றி, ஆறு போசராக்.

"வேற என்ன சொன்னாங்க?"

"மூணு பராத்துக்கு. மூணு அவனுக்கு. வேற ஒண்ணும் சொல்லல, உன் பேரக்கூட."

சகிதாத் ஒன்றை எடுத்தான். இரண்டு நாளில் அது செங்கல் ஆகியிருந்தது. வீசினால் விமானத்தை இறக்கலாம். மூக்கருகே கொண்டுபோனான். ஆறிப்போன போசராக்குக்கு என்ன வாசனை இருக்கும்? டின்னின் வாசனைதான் இருந்தது. வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் பராத் பசியோடு திரும்பிப் போயிருக்கிறான். இது மூன்றாவது வியாழக்கிழமை.

"சூடு பண்ணணும், உஸ்தாத். எண்ணெ வாசனை வந்தாத்தான் அவனுக்குச் சேரும்."

"இங்க ஏதுடா அடுப்பு?"

அறையில் சீருடை தேய்க்க ஓர் இஸ்திரிப் பெட்டி இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு உஸ்தாத் உட்கார்ந்தார். சகிதாத் அதன் மேல் போசராக்கை வைத்து உள்ளங்கையால் அழுத்தினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே உறைந்திருந்த எண்ணெய் உருகிக் கசிந்தது. ஒரு சிறு சலசலப்பு. அப்புறம் வந்ததே வாசனை. பர்ச்சியின் எட்டு வீட்டு வாசனையும் சேர்ந்து ஒரே அறைக்குள் வந்து நின்றது. கூடவே புகையும்.

கூரையில் இருந்த வெள்ளைப் பொத்தான் அலற ஆரம்பித்தது.

அதன்பின் நடந்ததைப் பர்ச்சியில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மாடி ஓட்டல் மூன்று நிமிஷத்தில் காலியானது. கொரியர்கள் வரிசையாக வந்தார்கள். ஈரான்காரர்கள் வாதாடிக்கொண்டே வந்தார்கள். உஸ்பெக் பயிற்சியாளர் இடுப்பில் துண்டோடு, கையில் தன் பையனின் காலணியோடு வந்தார். ஆசியாவின் நூற்றுச் சொச்சம் சிறந்த கால்கள் தெருவில் செருப்பில்லாமல் நின்றன. காற்று அந்தப் பக்கமாக வீசியதால் வாசனையும் அவர்களோடு தெருவுக்கு வந்தது.

மேலாளர் அறைக் கதவைத் திறந்தபோது உஸ்தாத் இன்னும் இஸ்திரிப் பெட்டியோடுதான் உட்கார்ந்திருந்தார். மேலாளர் அரபு மொழியில் கத்தினார். உஸ்தாதுக்குத் தெரிந்த அரபு தொழுகையில் ஓதுவது மட்டும்தான். என்ன செய்வார்? போசராக்கைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், கண்ணை மூடிக்கொண்டு இறந்தவர்களுக்காக ஓதும் அல்ஃபாத்திஹாவை ஓத ஆரம்பித்தார். மேலாளரின் வாய் பாதியில் நின்றது. அவர் கைகள் தாமாகவே ஏந்தின. கூடவே முணுமுணுத்தார். முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சகிதாத்தைப் பார்த்து, யார் என்பதுபோலக் கையை விரித்தார்.

சகிதாத் ஒரு விரலைக் காட்டினான். பிறகு யோசித்து, ஒன்பது விரல்களைக் காட்டினான்.

மேலாளர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கீழே போய், பால் பொங்கித் தீய்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லி உள்ளே அனுப்பினார்.

சகிதாத் பராத்தின் பெயரைச் சொல்லி மூன்றை உண்டான். மற்ற மூன்றின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தன் பெயரைச் சொல்லிக்கொள்ளாமல் அவற்றையும் உண்டான். பத்து நாளுக்குப் பிறகு வயிறு நிறையத் தூங்கினான்.

மறுநாள் அவன் வியட்நாம்காரனை வென்றான், கஜகஸ்தான்காரனை வென்றான். அரையிறுதியில் ஈரான்காரன் ஒட்டகத்தைவிட உயரம். முகத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். எட்டு விநாடி மிச்சம் இருந்தபோது சகிதாத் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தான். தலையில் உதைத்தால் மூன்று. வலது கால் எப்போது தரையை விட்டது என்று யாரும் பார்க்கவில்லை. அந்தத் தலைக்கவசம் இன்னும் சாக்கடலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இறுதியில் கொரியாக்காரனிடம் தோற்றான். முந்தின நாள் தெருவில் செருப்பில்லாமல் நின்றதற்கு அவன் பழிதீர்த்துக்கொண்டான் என்பார்கள். அதனால் என்ன, இரண்டு பேருக்கும் ஒலிம்பிக்.

அடுத்த வியாழக்கிழமை. மாலைகளையெல்லாம் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு சகிதாத் தனியாக அந்தத் தெருவுக்குப் போனான். முனையிலேயே வாசனை வந்தது. ஒன்பது வீடுகளிலிருந்தும்.

கதவு திறந்துதான் இருந்தது. ஜேவர் காலா சட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓட்டல எரிச்சீங்களாமே."

"எரிக்கல காலா. இஸ்திரிப் பெட்டிலதான் சூடு பண்ணினோம். புகை வந்துடுச்சு. எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க."

"கொரியாக்காரனும் வந்து மோந்தானா?"

"எல்லாரும்தான். தெரு முழுக்க வாசனை."

காலாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அவன் பக்கத்தில் போனான். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்பதற்குள் கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாவைத் தட்டிச் சட்டியில் போட்டார்.

"பராத் ஒரு நாளும் தன் முறைக்கு நேரத்துக்குப் போனதில்ல," என்றார். "தூங்குவான். டீ குடிப்பான். நான் வெரட்டணும். அன்னைக்கு மட்டும் மூணரைக்கே செருப்ப மாட்டினான். ஏண்டா இவ்வளவு சீக்கிரம்னு கேட்டேன். இன்னைக்கு சகி லாலா முறை, நேரமாச்சுன்னா அவருக்குக் கெட்ட பேருன்னான்." போசராக்கைப் புரட்டிவிட்டார். "நீ சொன்னப்பறம்தான் அது நெனப்பு வந்துச்சு. ரெண்டு வருஷமா அந்த வார்த்த எனக்கு ஞாபகமே இல்ல. அவன் கடைசியாப் பேசினது."

சகிதாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்ன மன்னிச்சேனான்னு என்னக் கேக்காதே. எனக்குத் தெரியல. உக்காரு."

உட்கார்ந்தான்.

"இப்ப எத்தனை கிலோ?"

"அறுபது."

"ஒலிம்பிக் எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கு."

காலா விரல் விட்டு வியாழக்கிழமைகளை எண்ணினார். சட்டியிலிருந்து ஒரு போசராக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். சேணத்தின் அளவு இல்லை. உள்ளங்கை அளவுதான் இருந்தது.

"ஆறு வாரம் இதச் சாப்பிடு, வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கப்பறம் எடை பாக்கற வரைக்கும் நீ இங்க வந்து ஒக்காந்துக்கோ. ஒனக்கும் வாசனை மட்டும்தான், அவன மாதிரி."

"அப்ப பராத் பங்க யார் சாப்பிடுவாங்க?"

"ஒன் கழுதக்கார உஸ்தாத வரச் சொல்லு," என்றார் ஜேவர் காலா. "அவனுக்கு ஏறினா யார் கேக்கப் போறாங்க. சாப்பிடு, ஆறிடப் போவுது, சகி ஜான்."